சிவப்பு மூக்குத் தோட்டாக்கள்

ஸ்டான்தோர்ப்,
14 மார்ச் 1987

தம்பி கிளைவுக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தான் ரோரியும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? மழை விட்டு, நீ ஜீப்பில் ஏறிக் குலுங்க ஆரம்பிக்கும் முன் காத்தரின் டவுனுக்குப் போய் டாக்டரைப் பார்த்துவிடு. கேட்க மாட்டாய். ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

உன் வேட்டை முகாமுக்கு இந்த வருஷத்துத் தோட்டாக்கள் தயார். போன வருஷம் உங்கள் ஊர் வெயிலில் ரைபிளின் தாழ் இறுகிக்கொண்டது என்று ரோரி சொன்னார். அதனால் வெடிமருந்தைச் சற்றே குறைத்தேன். கொட்டகையின் தகரக் கூரைமேல் பகல் முழுக்கக் காயவைத்து, தொட்டால் கை சுடுகிற பதத்தில் எடுத்துச் சுட்டேன். வெற்றுப் பித்தளைக் கூடு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. ஐஸ் பெட்டியில் வைத்தும் சுட்டேன். வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பிறகு ஆப்பிள் பெட்டிகளில் நனைத்த செய்தித்தாளை அடைத்து வரிசையாக வைத்தேன். எருமைக்கான கெட்டிக் குண்டு அத்தனை பெட்டியையும் துளைத்துப் பின்னால் இருந்த மண்மேட்டில் போய்ப் புதைந்தது. தோண்டி எடுத்தபோது மூக்கு மழுங்கக்கூட இல்லை. அடிபட்ட எருமையைத் தேடித் தாழம்புதருக்குள் போகிறவருக்கு இதுதான் வேண்டும்.

நீ நச்சரித்துக் கேட்ட இலேசான தோட்டாவும் கட்டியிருக்கிறேன். அது காட்டுப்பன்றிக்கும் காட்டுக் கழுதைக்கும் மட்டும். மெல்லிய உறை போட்ட ஈயம். எருமையின் தோளில் பட்டால் தோலுக்குக் கீழேயே சிதறிப்போகும். இரண்டுக்கும் கூடு ஒன்றுதான், ஒரே ரைபிளில் போகும் என்பதால், இலேசானதன் மூக்கில் சிவப்பு நகப்பூச்சு பூசியிருக்கிறேன். நகத்துக்கே பூசாதவள் வாங்குகிறேன் என்று கடைக்காரி சிரித்தாள்.

ரோரி பக்கத்தில் நின்றுகொண்டு, "செவப்புன்னா பன்னி, வெறும் மூக்குன்னா எருமைன்னு பெருசா எழுதிப் போடு. உன் தம்பிக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது" என்கிறார். அவர் ஏப்ரல் கடைசியில் கிளம்பி வருவார். பார்த்துக்கொள்.

உடம்பைக் கவனி.

நோலா


ரோப்பர் ஆற்று முகாம்,
10 மே 1987

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆசை. தோட்டாப் பெட்டிகளும் அத்தானும் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள். பெட்டிக்குத்தான் சேதாரமில்லை. அத்தான் வழியில் சாப்பிட்ட பழைய கறியால் இரண்டு நாள் புதரும் கையுமாக இருந்தார்.

உன் கெட்டிக் குண்டைச் சுட்டுப் பார்த்தோம். அத்தான் ஒன்றைச் சுட்டுவிட்டுத் தோளைத் தடவிக்கொண்டே, "உங்கக்காவுக்கு எம்மேல என்னடா கோவம்? எலும்பு கழண்டு போச்சு" என்றார். தோலுரிக்கிற லெனி, "கல்யாணம் ஆன தோள்தானே அண்ணே, இதையும் தாங்கும்" என்றான். ஆனால் குறி நூல் பிடித்த மாதிரி விழுகிறது.

இங்கே நிலைமை சரியில்லை, அக்கா. எருமைகளுக்குக் காசநோய் என்று சொல்லி அரசாங்கம் ஹெலிகாப்டரிலிருந்து மந்தை மந்தையாகச் சுட்டுத் தள்ளுகிறது. நல்ல கொம்புள்ள கடா கண்ணில் படுவதே அபூர்வம். வேட்டைக்கு வருகிறவர்கள் வெறும் கையோடு திரும்பினால் அடுத்த வருஷம் இந்தக் குத்தகை நிலத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். அப்புறம் நான் உங்கள் ஊருக்கு ஆப்பிள் பறிக்கத்தான் வர வேண்டும். ஜூன் கடைசியில் டெக்சஸிலிருந்து ஸ்டாட்லர் என்று ஒரு பெரிய ஆள் வருகிறார். அவருக்கு நல்ல கொம்பு கிடைத்தால் அவர் சிநேகிதர்கள் வரிசையாக வருவார்கள். வேண்டிக்கொள்.

உங்கள் ஊரில் குளிர் ஆரம்பித்திருக்கும். உன் மூச்சுத்திணறல் ஜாக்கிரதை.

அன்புத் தம்பி,
கிளைவ்


முகாம்,
25 ஜூன் 1987

நோலா,

நான் நன்றாக இருக்கிறேன். வயிறும் நன்றாக இருக்கிறது, உன் தம்பி எழுதியிருப்பானே. நீ கணப்புக்கு விறகு பிளக்க ஆள் வைத்துக்கொண்டாயா, இல்லை நீயேதான் கோடரியைத் தூக்குகிறாயா?

போன வாரம் ஒரு ஜெர்மன்காரர் கடாவை வயிற்றில் சுட்டுவிட்டார். அது தாழம்புதருக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. நானும் லெனியும் போனோம். உள்ளே ஒரு முழத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாது, மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். அது எழுந்து வந்த வேகத்தில் ஒரே ஒரு தடவை சுட்டேன். உன் குண்டு முன்தோளில் நுழைந்து பின்தொடையில் போய் நின்றிருந்தது. லெனி அதை அறுத்தெடுத்துக் கழுவி, "இத இன்னொரு தடவ சுடலாம் போலருக்கே" என்றான். உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

அந்த மூச்சுச் சத்தம் கேட்கும்போது பயமாகத்தான் இருக்கிறது. உனக்கு மட்டும் சொல்கிறேன். அப்போதெல்லாம் கூரைமேல் தோட்டாவைக் காயப்போட்டுவிட்டு நீ ஏணியடியில் உட்கார்ந்திருந்ததை நினைத்துக்கொள்வேன். பயம் விட்டுவிடும்.

ஸ்டாட்லர் வந்துவிட்டார். ஆள் வந்தார், ரைபிள் வந்தது, தோட்டாப் பெட்டி மட்டும் விமானத்தில் எங்கேயோ தங்கிவிட்டது. நாளை டீசலுக்கும் அந்தப் பெட்டிக்கும் காத்தரின் போகிறேன். இந்தக் கடிதத்தையும் அங்கேதான் போடுவேன்.

செப்டம்பரில் வந்துவிடுவேன். கொட்டகைக் கதவை நான் வந்து சரி செய்கிறேன், நீ ஏறாதே.

ரோரி


முகாம்,
19 ஜூலை 1987

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கக் கை வரவில்லை. அடக்கத்துக்கு நான் வராதது உனக்கு எவ்வளவு வேதனை என்று தெரியும். ஸ்டாட்லர் இங்கே இருந்தார், போலீஸும் யாரையும் நகரவிடவில்லை. மன்னித்துக்கொள்.

நடந்ததைச் சொல்ல வேண்டியது என் கடமை. அன்று காலையில் குட்டைக்கரையில் ஸ்டாட்லர் ஒரு பெரிய கடாவைச் சுட்டார். சரியாகப் படவில்லை. அது புதருக்குள் போய்விட்டது. அத்தான் அப்போதுதான் காத்தரினிலிருந்து வந்து இறங்கினார். டீ கூடக் குடிக்கவில்லை. ரைபிளை எடுத்துக்கொண்டு முன்னால் போனார், நான் பின்னால் போனேன். கடா பக்கவாட்டிலிருந்து வந்தது. அத்தான் சுட்டார். தோளில்தான் பட்டது, தூசி பறந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஆனால் குண்டு உள்ளே போகவில்லை, அக்கா. கல் பட்ட மாதிரி ஒரு தடவை தலையைச் சிலுப்பிவிட்டு அது வந்துகொண்டே இருந்தது. நான் என் ரைபிளால் சுட்டு விழுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆம்புலன்ஸ் விமானம் வரும்வரை மூச்சு இருந்தது. பேசும் நிலையில் இல்லை. அதிகம் கஷ்டப்படவில்லை என்று டாக்டர் சொன்னார்.

வெயிலில் மருந்து கட்டிதட்டியிருக்கலாம் என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள். நான் உன்னைக் குறை சொல்லவில்லை. யாருக்கும் நடக்கக்கூடியதுதான்.

சாப்பிடாமல் கிடக்காதே.

கிளைவ்


ஸ்டான்தோர்ப்,
16 ஆகஸ்ட் 1987

தம்பி கிளைவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சாப்பிடுகிறேன். பக்கத்துத் தோட்டத்து மார்ஜ் தினமும் சூப் கொண்டு வருகிறாள். உன் முதுகு தேவலையா?

உடனே பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. மருந்து கட்டிதட்டியிருக்கலாம் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தபின் சில நாட்கள் நான் படுக்கையை விட்டு எழவில்லை. பிறகு எழுந்து கொட்டகைக்குப் போனேன். அதே மருந்து, அதே வெடிக்கேப், உனக்கு அனுப்பிய அன்றே கட்டிய தோட்டாக்கள் மிச்சம் இருந்தன. இங்கே இப்போது குளிர்காலம், கூரைமேல் வைத்துப் பயனில்லை. ரொட்டி அடுப்புக்கு மேல் தட்டில் வைத்து வாரக்கணக்கில் காயவிட்டேன். சிலவற்றைப் பிரித்து மருந்தைக் கொட்டிப் பார்த்தேன். உப்பு மாதிரி உதிர்ந்தது. மீதியைச் சுட்டேன். உதைப்பில் தோள் நீலம் பாரித்துவிட்டது. ஒன்றுகூட மண்மேட்டுக்கு இப்பால் நிற்கவில்லை.

கெட்டிக் குண்டு தோளில் பட்டு உள்ளே போகாமல் இருக்காது, கிளைவ். ஆகவே கேட்கிறேன். ரோரி சுட்ட குண்டைக் கடாவின் உடம்பிலிருந்து எடுத்தீர்களா? எங்கே அது?

இன்னொன்று. ஸ்டாட்லரின் தோட்டாப் பெட்டி வரவில்லை, அதைத் தேடிக் காத்தரின் போகிறேன் என்று ரோரி எழுதியிருந்தார். அவர் திரும்பும் முன்பே ஸ்டாட்லர் கடாவைச் சுட்டிருக்கிறார். எதை வைத்துச் சுட்டார்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

நோலா


முகாம்,
27 செப்டம்பர் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் தாமதமாகத்தான் கிடைத்தது. தபால் விமானம் பழுது. இங்கே வெயில் தாங்கவில்லை, முதுகுவலி பரவாயில்லை.

கடாவின் உடம்பை அங்கேயே விட்டுவிட்டோம், அக்கா. அந்த நேரத்தில் யாருக்கு அதெல்லாம் தோன்றும்? பன்றியும் கழுகும் தின்றிருக்கும். ஸ்டாட்லர் பாவம், மனமுடைந்து ஊருக்குப் போய்விட்டார். உனக்கு அனுதாபம் சொல்லச் சொன்னார்.

மரண விசாரணை பிப்ரவரியில் டார்வினில் நடக்கும். போலீஸ் கேட்டபோது தோட்டா வீட்டில் கட்டியது என்று சொன்னேன். கேட்டதற்குப் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்? நீ இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. கொட்டகையைப் பூட்டிவிட்டுக் கொஞ்ச நாள் ஓய்வெடு. கிறிஸ்துமஸுக்கு இங்கே வாயேன்.

கிளைவ்


ஸ்டான்தோர்ப்,
18 அக்டோபர் 1987

கிளைவுக்கு,

சுகம் விசாரித்ததற்கு நன்றி.

நீ போலீஸிடம் சொன்னது உன் கடிதத்துக்கு முன்பே இங்கே வந்து சேர்ந்துவிட்டது. வருஷா வருஷம் என்னிடம் மான் வேட்டைக்குத் தோட்டா கட்டிக்கொள்கிற டெஸ் பெட்டியைத் திருப்பிக் கொண்டு வந்து வாசலில் வைத்தான். "தப்பா நினைக்காத நோலா, வீட்டுக்காரி பயப்படுறா" என்றான். துப்பாக்கிச் சங்கத்தில் என் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. மார்ஜ்கூட, "புருஷனப் பறிகொடுத்ததோட இதையும் சுமக்கணுமா நீ?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எதைச் சுமக்கிறேன் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை.

செவ்வாய்க்கிழமை கான்ஸ்டபிள் வந்தார். டார்வினிலிருந்து அனுப்பியிருந்த ஒரு சின்ன பிளாஸ்டிக் பையைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார். கடாவின் உடம்பை அங்கேயே விட்டுவிட்டதாக நீ எழுதினாய். கழுத்தோடு தலையை வெட்டி எடுக்கச் சொன்னது நீதானே? ஸ்டாட்லருக்குக் கொம்பு வேண்டுமே. லெனி தோலுரிக்கும்போது தோளில் விரல் விட்டு அதை எடுத்துப் போலீஸிடம் கொடுத்திருக்கிறான்.

பூ மாதிரி விரிந்து கிழிந்த ஈயம். உறையின் ஒரு மடிப்புக்குள் கடுகளவு சிவப்பு.

"இது நீங்க கட்டினதாம்மா?" என்று கேட்டார் கான்ஸ்டபிள். விசாரணையில் சொல்கிறேன் என்றேன். பொல்லாத கேள்வி. ஆமாம் என்பதுதான் பதில். என் கையால் கட்டியது, என் கையால் பூசியது.

பன்றிக்குக் கட்டிய தோட்டா ரோரியின் ரைபிளுக்குள் எப்படிப் போயிற்று? அவர் கையால் போட்டிருக்க மாட்டார். எழுது.

நோலா


முகாம்,
8 நவம்பர் 1987

அக்கா,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

ஸ்டாட்லருடைய ரைபிளும் அத்தானுடையதும் ஒரே அளவு. அத்தான் காத்தரின் போனதும், சும்மா உட்கார்ந்திருக்க முடியாது, குறி பார்க்க வேண்டும் என்றார். அத்தானின் எருமைத் தோட்டாப் பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். தகர டின்களைச் சுட்டே பெரும்பாலானதைத் தீர்த்துவிட்டார். மறுநாள் காலையில் குட்டைக்கரையில் பெரிய கொம்பு நிற்கிறது என்று லெனி வந்து சொன்னான். ஸ்டாட்லர் குதிக்கிறார். அத்தானின் ரைபிளில் இருந்த தோட்டாக்களையும் உருவிக் கொடுத்தேன். காலி ரைபிளை ஜீப்பில் மாட்டி வைக்கக் கூடாதே என்று, கையில் கிடைத்த சிவப்பு மூக்கை அதில் போட்டேன். அத்தான் வருவதற்குள் மாற்றிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அவர் வந்தபோது கடா புதருக்குள் போயிருந்தது. ரைபிளை எடுத்து, "லோடு ஆயிருக்கா?" என்றார். "ஆயிருக்கு அத்தான்" என்றேன். தாழைக் கொஞ்சம் இழுத்து, பின்பக்கப் பித்தளை தெரிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு இறங்கிவிட்டார். சொல்லத்தான் வாயெடுத்தேன். ஸ்டாட்லர் பக்கத்தில் நின்றார். வழிகாட்டியின் தோட்டாவை விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டு, அவனைப் பன்றித் தோட்டாவோடு அனுப்புகிற முகாம் என்று அவர் ஊரில் போய்ச் சொன்னால் என்ன ஆகும்? நான்தான் பின்னால் இருக்கிறேனே என்று நினைத்தேன்.

இது வெளியே வந்தால் என் உரிமத்தைப் பறித்துவிடுவார்கள். நிலத்தைத் திருப்பிக் கேட்பார்கள். லெனி குடும்பம் உள்பட எத்தனை பேருக்கு இந்த முகாம்தான் சோறு. அத்தான் திரும்பி வரப்போவதில்லை. கட்டும்போது இரண்டும் ஒரே பெட்டியில் கலந்திருக்கலாம் என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும். விபத்து என்று முடித்துவிடுவார்கள். உன்னை யாரும் தண்டிக்கப் போவதில்லை. எனக்கோ வாழ்க்கையே போகும்.

உன்னைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்?

கிளைவ்


ஸ்டான்தோர்ப்,
22 நவம்பர் 1987

கிளைவ்,

உன் கடிதத்தில் ரோரியைவிட ஸ்டாட்லரைப் பற்றிய கவலைதான் அதிகம்.

கலந்திருக்கலாம் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொன்றையும் விரலில் எடுத்துப் பார்த்துப் பெட்டியில் வைத்தேன்.

எனக்கு வேறொன்று தெரிய வேண்டும். அவர் பேசும் நிலையில் இல்லை என்று எழுதினாய். விமானம் ஓட்டி வந்தவர் போன வாரம் போன் செய்தார். அனுதாபம் சொல்லத்தான் கூப்பிட்டார். ஏற்றும்போது ரோரி உன் சட்டையைப் பிடித்து இழுத்து உன் காதில் ஏதோ சொன்னதாகச் சொன்னார். நீ அழுதாயாம்.

என்ன சொன்னார்? இப்போது எழுதாவிட்டால் டார்வின் விசாரணையில், நீ சத்தியம் செய்தபின் உன்னைக் கேட்கச் சொல்வேன்.

நோலா


முகாம்,
13 டிசம்பர் 1987

அக்கா,

கேட்டதால் எழுதுகிறேன். இதற்குப் பிறகாவது உன் மனம் இளகும் என்று நம்புகிறேன்.

அத்தானுக்கு நினைவு நன்றாகவே இருந்தது. புதரிலிருந்து தூக்கி வரும்போதே, "தோள்லதானடா பட்டுச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆமாம் என்றேன். விமானத்தில் ஏற்றும்போது என்னை இழுத்து, "நோலா கட்டினது ஏமாத்திருச்சுடா. அவகிட்ட மட்டும் சொல்லிடாத. நான் குறி தவறிட்டேன்னு சொல்லு. தெரிஞ்சா அவ தாங்க மாட்டா" என்றார். அவ்வளவுதான்.

உன் மனம் நோகக் கூடாது என்பதுதான் அவருடைய கடைசி ஆசை. அதற்காவது மதிப்புக் கொடு. இதையெல்லாம் கிளறிக்கொண்டு டார்வின்வரை வராதே. அவரும் இதை விரும்ப மாட்டார்.

கிறிஸ்துமஸ் வாழ்த்து. உடம்பைப் பார்த்துக்கொள், அக்கா.

கிளைவ்


ஸ்டான்தோர்ப்,
28 பிப்ரவரி 1988

கிளைவ்,

டார்வினில் நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. அதனால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

"இது நீங்கள் கட்டிய தோட்டாவா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். எதற்குக் கட்டியது என்று சொன்னேன். உன் நவம்பர் மாதக் கடிதத்தைக் கொடுத்தேன். லெனி எனக்குப் பிறகு நின்று, தான் பார்த்ததைச் சொன்னான். முகாம் போனால் அவனுக்கும் வேலை போகும் என்று தெரிந்தே சொன்னான். உரிமத்தை ரத்து செய்துவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டேன். எனக்கு அதில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை.

உன் டிசம்பர் கடிதத்தை நான் யாரிடமும் கொடுக்கவில்லை. அது விசாரணைக்கு உரியதல்ல.

"லோடு ஆயிருக்கு" என்று நீ சொன்னதைக்கூட ஒருநாள் நான் மன்னித்திருப்பேனோ என்னவோ. பயந்தவன் அப்படித்தான் சொல்வான். ஆனால் விமானத்துக்கும் புதருக்கும் நடுவே உனக்கு நேரம் இருந்தது. "இல்ல அத்தான், அது அக்கா கட்டின எருமைத் தோட்டா இல்ல, நான்தான் மாத்திட்டேன்" என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அவர் கோபப்பட்டிருப்பார். உன்னை வைதிருப்பார். வைதுகொண்டே செத்திருப்பார். நீ சும்மா அழுதாய். அவரோ, என் கை தன்னைக் கொன்றுவிட்டது என்று நம்பிக்கொண்டு, அந்த நிலையிலும் என்னைக் காப்பாற்ற வழி தேடியிருக்கிறார். என்னிடம் சொல்லாதே என்று அவர் உன்னைக் கேட்டார். நீ எனக்கு எழுதினாய், போலீஸிடம் சொன்னாய், ஊரெல்லாம் பேசவிட்டாய். இப்போது அதையே அவருடைய கடைசி ஆசை என்று என் முன்னால் நீட்டுகிறாய்.

செய்தித்தாளில் வந்ததும் டெஸ் ஓடி வந்தான். "மன்னிச்சிரு நோலா, பெட்டியக் குடு" என்றான். சங்கத்தில் எனக்கு நாற்காலி போடுகிறார்கள். மார்ஜ் மறுபடியும் அழுதாள். நீதிபதிக்குத் தெரியும், ஸ்டான்தோர்ப்புக்குத் தெரியும், டெக்சஸுக்குக்கூடத் தெரிந்திருக்கும், என் தோட்டாவில் பழுதில்லை என்று.

தெரிந்திருக்க வேண்டியவர் ஒருவர்தான். அவருக்குச் சொல்ல உன் ஒருவனுக்குத்தான் நேரம் இருந்தது.

நோலா